விளக்கு மினுக்குகிறதா? வயரிங்கைப் பிரிக்கும் முன் ஈர்க்குச்சியை எடுங்கள்

இளம்பிள்ளைப் பக்கம் ஒரு தறிக்கூடம். ஓனர் போன் செய்து, “அண்ணா, புது லைட்டு போட்டதுல இருந்து கண்ணு கூசுதுங்க, ஆளுங்க தலவலிங்கறாங்க. வயரிங் எங்கயோ லூசா இருக்கும், வந்து பாருங்க” என்றார். அவர் சொன்னதையே நானும் பிடித்துக்கொண்டேன். ஜங்ஷன் பாக்ஸ் அத்தனையும் பிரித்து முறுக்கி, நியூட்ரல் வயரைப் புதிதாக இழுத்து, இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் அதே நம்பரிலிருந்து போன், அதே குறை.

திரும்பப் போனபோது தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார். “லைட்டு மினுக்கலீங்க தம்பி. நாடா ஒண்ணு போனா நாலஞ்சு போற மாதிரி தெரியுது.” நாடா என்பது ஊடு நூலை இழுத்துக்கொண்டு தறியில் குறுக்கே ஓடும் கட்டை. வந்த முதல் நாளே அவரைக் கேட்டிருந்தால் இரண்டு நாள் கூலியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்திருக்காது. கோளாறு வயரில் இல்லை, பல்புக்குள் இருந்தது. எத்தனை மீட்டர் வயர் மாற்றினாலும் அது தீராது.

அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்கிறேன். விளக்கை நேராகப் பார்த்தாலே துடிப்பது தெரிகிறதா? அல்லது விளக்கு சாதுவாக எரிவதாகத் தெரிந்து, அதன் வெளிச்சத்தில் நகரும் பொருள் மட்டும் விநோதமாகத் தெரிகிறதா? முதலாவது மினுக்கம். நொடிக்குச் சுமார் 80 தடவைக்குக் குறைவாகத் துடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். 8, 9 தடவை அளவில் துடிக்கும்போது கண் அதை மிக எளிதாகப் பிடித்துவிடும். இரண்டாவதை ஸ்ட்ரோப் விளைவு என்பார்கள். 80 ஹெர்ட்ஸிலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 80 முதல் 2000 தடவை வரை, அதன் எல்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு உச்சம் வருவதால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண் அதை நேரடியாகப் பார்க்காது, ஆனால் ஓடும் நாடா காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் லைனில், இணைப்பில், அல்லது சாகப் போகும் பல்பில் இருக்கும். இரண்டாம் வகைக்குக் காரணம் பல்பின் டிரைவர், அதாவது மெயின் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் உள் சர்க்யூட், செய்யப்பட்ட விதம். இதைத் தலைகீழாகப் பிடித்தால் என் கதைதான்.

கையில் என்ன வேண்டும்

தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள். இருட்டான சுவருக்கு முன்னால், சோதிக்க வேண்டிய விளக்கு மட்டும் எரிய, குச்சியை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். வெள்ளைப் படலமாக, புகை மாதிரி தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிக் குச்சிகளாக, விரித்த விசிறி மடிப்பு மாதிரி தெரிந்தால் ஸ்ட்ரோப் உண்டு. குச்சிகளுக்கு நடுவே கறுப்பு எவ்வளவு அழுத்தமோ, துடிப்பு அவ்வளவு ஆழம். இந்தச் சோதனைக்கு இணையாக மலிவான கருவி இன்னும் வரவில்லை.

அடுத்தது போன். சாதாரணமாகப் படம் எடுத்தால் போன் தானாகவே ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடிக்குக் கொண்டுபோய்த் துடிப்பை மறைத்துவிடும். ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்து, விளக்கு வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். போன் கேமரா படத்தை வரிவரியாக வாசிப்பதால், துடிக்கும் விளக்கு இருட்டுப் பட்டைகளாக விழும். பட்டையின் எண்ணிக்கையும் பயன்படும். 100 ஹெர்ட்ஸ் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு விளக்கில், உதாரணமாக சோக் போட்ட பழைய டியூப் லைட்டில், உங்கள் போன் இரண்டு பட்டை காட்டினால், எட்டுப் பட்டை காட்டும் வேறு விளக்கு சுமார் 400 ஹெர்ட்ஸில் துடிக்கிறது. பட்டையின் கறுப்பை வைத்து மட்டும் ஆழத்தைக் கணக்கிடாதீர்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை ஏற்றி இறக்கும்.

நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனும் உதவும். அதை 30 படமாக ஓட்டும்போது 100 ஹெர்ட்ஸ் துடிப்பு 12.5 ஹெர்ட்ஸாக, கண்ணுக்கே பளிச்பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: வெளிச்சத் துடிப்பால் வலிப்பு வருபவர்களுக்கு இந்த வேகம்தான் ஆபத்தானது. அப்படி யாராவது வீட்டில் இருந்தால் அந்த வீடியோவைக் காட்டாதீர்கள்.

எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும். என் பெட்டியில் இருப்பது வெளிச்சத்துக்கு ஏற்ப மின்னோட்டம் விடும் ஒரு பிபிடபிள்யூ34 போட்டோடயோடு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். டயோடை எதிர்த்திசையில் பேட்டரியோடு தொடராக வைத்து, ரெசிஸ்டரின் இரு முனையில் ஸ்கோப்பைப் பிடிப்பேன். விளக்குக்கு அருகில் சில நூறு மில்லிவோல்ட் கிடைக்கும். ஸ்கோப் டிசி கப்ளிங்கில் இருக்க வேண்டும். ஏசியில் வைத்தால் அடிமட்ட வெளிச்சம் காணாமல் போய், எல்லா விளக்கும் மோசமாகத் தெரியும். முதலில் டயோடைக் கையால் மூடி, இருட்டில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சம் கலந்தால் விளக்கு நல்லதாகத் தெரியும், அதனால் இரவில்தான் அளப்பேன். வெளிச்சம் பட்டால் தடை மாறும் எல்டிஆர் போட்டு அளக்கலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். வேண்டாம். அது சோம்பேறி, 100 ஹெர்ட்ஸை அப்படியே மழுங்கடித்துவிடும். லக்ஸ் மீட்டரும் சராசரியைத்தான் சொல்லும்.

துடிப்பின் ஆழத்துக்கான கணக்கு எளிது. உச்சத்திலிருந்து பள்ளத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். உச்சம் 180 மில்லிவோல்ட், பள்ளம் 60 என்றால் 120-ஐ 240-ஆல் வகுத்து 50 சதவீதம். அந்த இளம்பிள்ளை பல்பில் பள்ளம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதாவது நொடிக்கு நூறு தடவை விளக்கு அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

இனி ஒவ்வொரு அறிகுறியாக.

மோட்டார் போடும்போது மட்டும் விளக்கு மங்கி எழுகிறது

வீட்டில் எல்லா விளக்கும் ஒன்றாகவா, ஒரே ஒரு விளக்கா என்று பாருங்கள். எல்லாமும் என்றால் மின்னழுத்தம் இறங்குகிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். லைன் நீளமாகவும் வயர் மெல்லியதாகவும் இருந்தால் அந்த இழுப்பில் வோல்ட் விழும். ஏற்காட்டில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் வரும் காலத்தில், எஸ்டேட்டுகளில் இந்தப் புகார் வழக்கம். பழத்தின் தோலை உரிக்கும் மெஷினுக்குப் பெயர் பல்ப்பர். “பல்ப்பர் போட்டா பல்ப் போகுது” என்று ஒருவர் சொன்னபோது, எதில் கோளாறு என்று புரிய எனக்கே ஒரு நிமிடம் ஆனது.

மெயின் பாக்ஸில் வோல்ட்மீட்டரைப் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். உள்ளே வரும் இடத்திலேயே வோல்ட் விழுந்தால் வெளி லைன் பிரச்சினை. அங்கே நிலையாக இருந்து, விளக்குப் பக்கம் மட்டும் விழுந்தால் உங்கள் வயரிங். மோட்டாருக்கும் விளக்குக்கும் ஒரே வயர் போயிருந்தால் தனித்தனியாகப் பிரித்தாலே பாதி தீரும். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்து, அவர் தீப்பொறி விடும்போதெல்லாம் உங்கள் விளக்கு துள்ளினால் அதுவும் இதே கதைதான். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கிறீர்கள்.

இதில் ஒரு வகையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு அறையில் விளக்கு மங்க, அதே நேரம் இன்னொரு அறையில் அதிகமாகப் பிரகாசித்தால், மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றிருக்கலாம். அப்போது ஒரு பேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நோக்கி ஏறும். டிவி, பிரிட்ஜ் எல்லாம் போய்விடும். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கம்பத்தில் கை வைக்காதீர்கள்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் துள்ளினால் ஹோல்டர், ஸ்விட்ச், சீலிங் ரோஸ். ஹோல்டரில் இருக்கும் ஸ்பிரிங் முள் சூட்டில் தளர்ந்து கறுத்திருக்கும். மாற்ற ஐந்து நிமிடம்.

எரிந்துகொண்டே இருந்து, சூடானதும் விட்டு விட்டு எரிகிறது

போட்டவுடன் நன்றாக எரியும். பத்து நிமிடத்தில் பளிச், அணைவு, பளிச். ஆறவிட்டுப் போட்டால் மறுபடி சரியாகிவிடும். பல்பைக் கழற்றி வேறு ஹோல்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் இதையே செய்தால் வயரிங்கை விட்டுவிடலாம். எல்.இ.டி.கள் சரமாகக் கோக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்றின் உள்ளே இருக்கும் நூல் போன்ற கம்பி சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டும். மூடியைக் கழற்றினால் ஒரு எல்.இ.டி. நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும்.

ரிப்பேர் கடைகளில் அந்தப் புள்ளியை ஈயம் வைத்து இணைத்து ஓட்டிவிடுகிறார்கள். மற்ற எல்.இ.டி.களுக்குச் சுமை கூடி, கொஞ்ச நாளில் அடுத்தது போகும். ஒரு பல்பின் விலைக்கு இந்த வேலை தகாது. இன்னொன்று, இப்போது வரும் டிஓபி தட்டில் டிரைவரும் எல்.இ.டி.யும் ஒரே அலுமினியத் தட்டில் இருக்கின்றன, மெயின் மின்சாரத்திலிருந்து எந்தத் தடுப்பும் கிடையாது. எரியவிட்டபடி மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பது கம்பத்து வயரைத் தொடுவதற்குச் சமம்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் சில நொடிக்கு ஒருமுறை பளிச்சிடுகிறது

பேய் இல்லை. இதற்காக ஒரு வீட்டில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். ஸ்விட்சில் சிவப்பு இன்டிகேட்டர் விளக்கு இருந்தது. அணைத்திருக்கும்போதும் அந்தச் சின்ன விளக்கு வழியாகத் துளி மின்சாரம் பல்புக்குக் கசியும். பல்புக்குள் உள்ள கெப்பாசிட்டர் அதை உண்டியல் மாதிரிச் சேர்த்து, நிறைந்ததும் ஒரு பளிச் விட்டு மறுபடி சேர்க்கத் தொடங்கும். இன்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சாக மாற்றினால் நின்றுவிடும்.

ஸ்விட்ச் சாதாரணமானதுதான் என்றால் டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஹோல்டருக்குப் போங்கள். அணைத்த நிலையில் அங்கே டெஸ்டர் எரிந்தால், பேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருக்கிறார்கள். இது மினுக்கத்துக்காக மட்டுமின்றி, உயிருக்காகவும் மாற்ற வேண்டியது. மாடிப்படி டூ வே வயரிங்கில் நீளமான வயர்கள் ஒட்டி ஓடுவதாலும் கசிவு வரும். அதற்கு ஹோல்டரில் விளக்குக்கு இணையாக 0.1 மைக்ரோ பாரட், 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் ஒன்று போதும். டிசி கெப்பாசிட்டரை அங்கே போடக்கூடாது.

விளக்கு நன்றாகத்தான் எரிகிறது, ஆனால் விசிறி பின்னால் சுற்றுகிறது

நான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 100 ஹெர்ட்ஸ் துடிப்பு விசிறியில் வேடிக்கை, பட்டறையில் ஆபத்து.

மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 333 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு நூறு மின்னலில், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே விசிறி 20 பாகை நகரும். இறக்கைக்கும் இறக்கைக்கும் இடையே 120 பாகை. ஆறு மின்னலில் ஒரு இறக்கை அடுத்த இறக்கையின் இடத்துக்கு வந்துவிடும். விளைவாக 18 இறக்கை அசையாமல் நிற்பதாகத் தெரியும். விசிறி 325-க்கு இறங்கினால் அந்தப் பதினெட்டும் மெல்லப் பின்னால் நகரும், 340-க்கு ஏறினால் முன்னால் நகரும். லைனின் அதிர்வெண் சரியாக 50-இல் நிற்காமல் துளி ஏறி இறங்குவதால், நின்ற மாதிரி இருக்கும் இறக்கையும் தானாக ஊர்ந்து போகும். குழந்தைகள் இதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். பெரியவர்களுக்குத் தலை சுற்றும்.

இதே கணக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நான்கு போல் மோட்டார் சும்மா ஓடும்போது 1490 சுற்றுக்கு அருகில் ஓடும். அதன் புல்லிக்கு நான்கு ஆரம் இருந்தால், 100 ஹெர்ட்ஸ் விளக்கில் அது எப்படித் தெரியும்? உண்மை வேகத்திலிருந்து 1500-ஐக் கழித்தால் போதும். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று, பின்னோக்கி. யாரோ கையால் மெதுவாகத் திருப்புவது போலத் தெரியும் புல்லி, உண்மையில் நிமிடத்துக்கு 1490 சுற்று. சுமை ஏறி 1440-க்கு வந்தால் பின்னோக்கி நொடிக்கு ஒரு சுற்று. லேத்தில் வேலைத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை சக்கு 1000 சுற்றில் ஆறு தாடையாகவும், 2000 சுற்றில் மூன்றே தாடையுடன் நின்றுவிட்டதாகவும் தெரியும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்குப் பாலிஷ் போடும் பட்டறைகளில் பஃப் சக்கரத்துக்கு ஒரு அடி தூரத்தில்தான் கை இருக்கிறது. மெஷின் சத்தத்தில் காது உதவாது, கண்ணை நம்பித்தான் வேலை நடக்கிறது. இந்த இடங்களில் ஸ்ட்ரோப் உள்ள விளக்கை நான் கழற்றாமல் வந்ததில்லை.

ஏன் இப்படித் துடிக்கிறது? குண்டு பல்பின் இழை சூட்டைப் பிடித்துவைத்திருக்கும், அதனால் அதன் ஏற்ற இறக்கம் சுமார் 10 முதல் 20 சதவீதத்தோடு நின்றது. எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் கிடையாது. மின்னோட்டம் எப்படியோ வெளிச்சமும் அப்படியே. நடுவில் ஒரு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் இருந்து பள்ளத்தை நிரப்பினால்தான் வெளிச்சம் சீராகும். விலையைக் குறைக்க அதைச் சிறியதாகப் போடுகிறார்கள், சிலர் போடுவதே இல்லை. வாங்கும்போது நன்றாக இருந்து இரண்டு மூன்று வருடத்தில் ஸ்ட்ரோப் வந்ததென்றால் அதே கெப்பாசிட்டர் வறண்டுவிட்டது என்று பொருள். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதி. மூடிய கிண்ணத்துக்குள் தலைகீழாகத் தொங்கும் பல்புக்கு வேறு கதி இல்லை.

எவ்வளவு ஆழம் வரை பொறுக்கலாம்? ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் 1789 எண் கொண்ட 2015-ஆம் ஆண்டுத் தர ஆவணம், 100 ஹெர்ட்ஸுக்கு 8 சதவீதம் வரை ஆபத்து குறைவு என்றும், 3.3 சதவீதத்துக்குள் இருந்தால் பாதிப்பே தெரியாது என்றும் கோடு போடுகிறது. ஐரோப்பாவில் எஸ்விஎம் என்ற இன்னொரு அளவைப் பயன்படுத்துகிறார்கள். அது 1 என்றால் சராசரி மனிதர் ஸ்ட்ரோபைக் கவனிக்கத் தொடங்கும் எல்லை. அங்கே விற்கும் விளக்குக்கு 2021 செப்டம்பரில் 0.9 என்று தொடங்கி, 2024 செப்டம்பரிலிருந்து 0.4 என்று இறுக்கிவிட்டார்கள். 100 ஹெர்ட்ஸில் அலை சீராக இருந்தால் சுமார் 25 சதவீத ஆழம் எஸ்விஎம் 1-க்குச் சமம், 10 சதவீதம் 0.4-க்குச் சமம். என் பட்டறைக் கணக்கும் இதுதான். சுழலும் மெஷின் உள்ள இடத்தில் 10-க்குமேல் போனால் மாற்றச் சொல்வேன். வராந்தாவில் 30 இருந்தாலும் கண்டுகொள்ளமாட்டேன்.

கண்ணுக்குத் தெரியும் மினுக்கத்துக்குத் தனி அளவு உண்டு. பிஎஸ்டி எல்எம் என்பார்கள். அது 1 என்றால் பாதிப் பேருக்குத் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. டப்பாவில் இந்த இரண்டு எண்ணும் அச்சிட்டிருந்தால் அந்தக் கம்பெனி அளந்து பார்த்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். “ஃபிளிக்கர் ஃப்ரீ” என்று நட்சத்திரம் போட்டு அச்சடித்தால் மட்டும் நம்பாதீர்கள். கடையிலேயே எரியவிட்டு ஈர்க்குச்சியை ஆட்டுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

எல்லா பல்பையும் மாற்றக் காசில்லை, ஆனால் பட்டறையில் மூன்று பேஸ் இருக்கிறது என்றால், டியூப் லைட் காலத்து வழி ஒன்று இன்றும் வேலை செய்யும். ஒரே மெஷின்மேல் விழும் மூன்று விளக்கை மூன்று பேஸில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்ற இரண்டும் நிரப்பும். 100 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றையொன்று அடித்து, மிச்சம் 300 ஹெர்ட்ஸில் சின்னச் சலனமாக நிற்கும். மூன்றின் வெளிச்சமும் அந்த இடத்தில் ஏறத்தாழ ஒரே அளவாக விழுந்தால்தான் பலன். பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும் என்பதால் இது லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. அந்தத் தறிக்கூடத்தில் கடைசியில் நான் செய்தது இரண்டையும்தான். தறிக்கு நேர்மேலே உள்ளவற்றுக்கு நல்ல டிரைவர் வைத்த விளக்கு, ஓரத்தில் உள்ளவற்றைப் பேஸ் பிரித்து. பெரியவர் நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இப்ப ஒண்ணுதான் போகுது” என்றார்.

அதே பல்ப், சேலத்தில் சரி, மலைமேல் துடிக்கிறது

இது என்னை ஒரு சீசன் முழுக்க அலைக்கழித்தது. கடையில் சோதித்துச் சுத்தமாக இருந்த பல்புகளை ஏற்காட்டில் லைனின் கடைசியில் உள்ள ஒரு வீட்டில் போட்டால், சாயங்காலம் ஆறரைக்கு மேல் குச்சி பிரிகிறது. பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை.

கணக்குப் போட்டால் காரணம் வெளியே வந்துவிடும். 230 வோல்ட் லைனில் உச்சம் 325. டிஓபி தட்டில் எல்.இ.டி. சரம் எரிய 220 வோல்ட் வேண்டும், அது 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, கெப்பாசிட்டர் 4.7 மைக்ரோ பாரட் என்று வையுங்கள். ஒரு உச்சத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கெப்பாசிட்டர் தனியாகச் சுமக்க வேண்டிய நேரம் சுமார் 7 மில்லி நொடி. அதற்குள் அதன் மின்னழுத்தம் 60 வோல்ட் அளவுக்கு இறங்கும். 325-இல் 60 போனாலும் 265. சரத்துக்குத் தேவையானதற்கு மேலேயே நிற்கிறது, வெளிச்சம் அசையாது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் சுமை ஏறி லைன் 170-க்கு விழுந்தால் உச்சமே 240. இருபது வோல்ட் இறங்கியதும் சரத்துக்குப் போதாது, மின்னோட்டம் சரிந்து வெளிச்சத்தில் பள்ளம் விழுகிறது. ஆக, பல்பும் குற்றவாளி இல்லை, வயரிங்கும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் கோளாறு.

மலைக்கு பல்ப் கொண்டுபோகும் முன் வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிம்மர்ஸ்டாட்டில் மாட்டி 230-இலிருந்து 160 வரை மெதுவாக இறக்கிப் போன் கேமராவில் பாருங்கள். பட்டை எந்த வோல்ட்டில் முளைக்கிறது என்று பல்பின் தலையிலேயே பேனாவால் எழுதிவிடுவேன். மலைக்கு ஏற்றது 100 முதல் 300 வோல்ட் வரை என்று அச்சிட்ட, ஸ்விட்சிங் டிரைவர் உள்ள விளக்கு. கொஞ்சம் விலை கூடும். தினமும் 170-தான் வருகிறது என்றால் அதை நேரத்தோடு குறித்து மின்வாரியத்தில் எழுத்தாகக் கொடுப்பதும் வேண்டும். பம்புசெட்டுக்கும் பிரிட்ஜுக்கும் அது நல்லதில்லை.

வெளிச்சத்தைக் குறைத்தால்தான் வருகிறது

பழைய டிம்மரில் சாதாரண எல்.இ.டி. பல்பை மாட்டினால் கண்ணுக்கே துள்ளும். அந்த டிம்மர் குண்டு பல்பின் பெரிய சுமைக்குச் செய்தது. டிம் செய்யலாம் என்று அச்சிட்ட பல்பும் எல்.இ.டி. டிம்மரும் சேர்த்து வாங்க வேண்டும். விசிறி ரெகுலேட்டரில் பல்பை மாட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ரிமோட் வைத்த ஸ்ட்ரிப் லைட், ஸ்மார்ட் பல்ப் வகை வேறு. அவை பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைக்க மின்னோட்டத்தைக் குறைப்பதில்லை, எரிந்து அணையும் நேரப் பங்கைக் குறைக்கின்றன. இதைப் பிடபிள்யூஎம் என்பார்கள். முழு வெளிச்சத்தில் குச்சி சுத்தமாக இருக்கும், பாதிக்கு இறக்கினால் மணிமணியாகப் பிரியும். முழு ஆழத்தில் துடிக்கும் விளக்குக்கு அதே ஐஇஇஇ கோட்டின்படி 1250 ஹெர்ட்ஸுக்கு மேல் ஆபத்து குறைவு, 3000-க்கு மேல் கவலையில்லை. பட்டையை எண்ணி அதிர்வெண்ணைக் கணக்கிடுங்கள், சில நூறு என்று வந்தால் கண்ட்ரோலரை மாற்றுங்கள்.

இதை ஏற்காட்டு மலைப்பாதையில் இரவில் பார்க்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் திரும்பும்போது, முன்னால் போகும் காரின் பின் விளக்கை விட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பினால், சில வண்டிகளில் சிவப்புக் கோடு விழாமல் சிவப்பு மணிமாலை விழும். பிரேக் மிதித்தால் மாலை மறைந்து கோடாகும், ஏனென்றால் அப்போது முழு வெளிச்சம். பொருள் நகராமல் கண் நகர்ந்தால் வரும் விளைவு இது. வண்டி ஓட்டுபவர் இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை, கேமராவில் மட்டும் பட்டை ஓடுகிறது

கடை சிசிடிவி என்றால் மெனுவில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 50-க்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் விளக்கு ஆழமாகத் துடிக்கிறது, ஈர்க்குச்சிப் பகுதிக்குத் திரும்புங்கள். கல்யாண மண்டப வீடியோக்காரர்களுக்கும் இதே பதில்.

எதுவும் தெரியவில்லை, தலைவலி மட்டும்

அப்படியும் உண்டு. 1989-இல் இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு அலுவலகத்தில் சோக் போட்ட டியூப் லைட்டுக்குப் பதில் உயர் அதிர்வெண் சோக்கை வைத்துப் பார்த்தார்கள். தலைவலியும் கண்வலியும் பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்கின. பழைய சோக்கில் துடிப்பு 100 ஹெர்ட்ஸில்தான் இருந்தது, யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அதனால் தலைவலி என்பவரை நம்புங்கள், ஆனால் விளக்கைத்தான் முதல் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணாடி பவர் மாறியிருக்கலாம், விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கலாம். ஒரு வாரம் அந்த மேஜைக்குச் சுத்தமான விளக்கை மாட்டி, எதுவும் சொல்லாமல் பாருங்கள். சொல்லிவிட்டு மாற்றினால் எல்லோருக்கும் மறுநாளே சரியாகிவிடும், அது சோதனை ஆகாது.

தூரத்து விளக்கு மினுக்குகிறது

ஏற்காட்டில், சேலத்தைக் கீழே பார்க்கும் லேடீஸ் சீட் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் அறை விளக்கை மாற்றப் போயிருந்தேன். விருந்தாளி ஒருவர் வராந்தாவுக்குக் கூட்டிப்போய், கீழே சேலம் நகரத்து விளக்கெல்லாம் சிமிட்டுவதைக் காட்டி, “லைன்லயே பிராப்ளம் போலிருக்கே?” என்றார். வராந்தாவின் அதே லைன் விளக்கில் குச்சியை ஆட்டிக் காட்டினேன், படலமாகத்தான் தெரிந்தது. கீழே பகலெல்லாம் வெயில் வாங்கிய தரையிலிருந்து சூடான காற்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் சூடான அடுக்கும் குளிர்ந்த அடுக்கும் வெளிச்சத்தை வெவ்வேறாக வளைக்கின்றன, நட்சத்திரம் சிமிட்டுவதும் இதனால்தான். பக்கத்துப் பக்கத்து விளக்குகள்கூட ஒன்று சேர்ந்து சிமிட்டாமல் தனித்தனித் தாளத்தில் சிமிட்டினால் காற்று. நகரமே ஒரே தாளத்தில் துள்ளினால்தான் லைன்.